தெலுங்கு கற்கத் திருத்தணிக்கு வாருங்கள்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வந்தவர்களுக்குத் தெரியும். மலையடிவாரத்தில் காவடியோடு நிற்கும் கூட்டத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தே காதில் விழும். நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருப்பார்கள். நமக்கு முருகன், அவர்களுக்கு சுப்ரமண்ய ஸ்வாமி. பூக்கடைக்காரம்மா முதல் வாக்கியத்தைத் தமிழில் தொடங்குவார். எதிரில் நிற்பவர் பதில் சொன்னதும் அடுத்ததைத் தெலுங்கில் சொல்வார். இந்த அம்மா எந்த வகுப்புக்கும் போனவர் அல்ல. ஊர்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்தது.

நான் இந்த ஊர்க்காரி இல்லை. தரங்கம்பாடியில் பிறந்தவள். வங்கி வேலையில் மாற்றலாகி இங்கே வந்தபோது தெலுங்கில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் என் கவுண்ட்டருக்கு வருகிற பெரியவர்களில் பலர் பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமத்தார். கரும்புப் பணமோ, மாந்தோப்புக் குத்தகைப் பணமோ எடுக்க வருவார்கள். அவர்கள் தமிழ் புரிந்துகொள்வார்கள். ஆனால் கணக்கில் ஒரு சந்தேகம் வந்துவிட்டால் தெலுங்குக்குப் போய்விடுவார்கள். தன் பணத்தைப் பற்றி ஒரு மனிதர் கேட்கிற கேள்வி அவருடைய சொந்த மொழியில்தான் வரும். அதற்கு அதே மொழியில் பதில் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. "ரண்டி, கூர்ச்சோண்டி", "இக்கட சந்தகம் பெட்டண்டி" என்பவைதான் நான் முதலில் படித்த பாடங்கள்.

ஆசிரியை, நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா. பெத்தம்மா என்று கூப்பிடுவேன். சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டே பேச்சுக் கொடுப்பார். நான் தமிழில் கேட்டால் பதிலே வராது. "தெலுகுலோ அடுகு, அம்மாயி" என்பார். கண்டிப்பான ஆசிரியை. அவரால்தான் பேச்சு வந்தது.

எழுத்தைக் கற்றுக்கொடுத்தது பேருந்து நிலையம். சென்னைக்கும் திருப்பதிக்கும் இடையே ஓடுகிற ஆந்திர அரசுப் பேருந்துகள் இவ்வழியாகப் போகின்றன. அவற்றின் தெலுங்குப் பலகைகளில் ஊர்ப் பெயர் தெரிந்தால் எழுத்து பிடிபட்டுவிடும். திருப்பதி என்ற பெயரில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் தெலுங்கிலும் ஒன்றுதான். நகரியின் 'ரி' தெரிந்தால் திருப்பதியின் 'ரு'வில் பாதி தெரிந்துவிடும். எஞ்சியது உகரக் குறி. பெயர்ப்பலகைகளைப் படித்த பிறகுதான் அரிச்சுவடியை எடுத்தேன். வர்க்க எழுத்துகள் ஒவ்வொன்றிலும் நான்கு வகை இருப்பது தமிழருக்கு முதலில் மலைப்பாக இருக்கும். அதைப் பார்த்து யாரும் பின்வாங்க வேண்டாம்.

ஊரோடு பழகி மொழி கற்கும் இந்த முறை புதிதே அல்ல; என் சொந்த ஊரின் வரலாறே இதுதான். 1706 ஜூலை 9ஆம் தேதி, டென்மார்க் அரசர் அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்கு தரங்கம்பாடிக் கடற்கரையில் வந்து இறங்கினார். மறுநாள் அவருக்கு 24 வயது நிறைந்தது. அவரும் உடன் வந்த புளூட்ஷோவும் திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தங்கள் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொன்னார்கள். சிறுபிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார் சீகன்பால்கு. அந்நாளில் இந்தக் கரையில் வணிக மொழி போர்த்துகீசியம். அதையும் வேறு ஐரோப்பிய மொழிகளையும் அறிந்த அழகப்பன் என்ற தமிழர் அவருக்குத் துணையாக இருந்தார். காலையில் முதல் வேலை, எழுதிவைத்த சொற்களைத் திரும்பச் சொல்வது. பிறகு நண்பகல் வரை ஒரு புலவரை அருகில் வைத்துக்கொண்டு ஓலைச்சுவடி வாசிப்பது. இரண்டாண்டுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு விவரக் குறிப்பே எழுதிவிட்டார். 1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி 1711இல் முடித்தார். அவருடைய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. அவர் சமயத்தைப் பரப்ப வந்தவர் என்பது உண்மை. ஆனாலும் மொழி கற்ற விதத்தில் அவரை நான் முழு மனதோடு மதிக்கிறேன். ஐரோப்பாவிலிருந்து வந்த படித்த மனிதர், குழந்தைகளுக்குச் சமமாகத் தரையில் உட்கார்ந்தார். வளர்ந்தவர்களுக்கு மொழி வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் மூளை அல்ல, தப்பாகப் பேசக் கூச்சப்படுவதுதான்.

இன்றைக்கும் உலகம் கடற்கரை ஊர்களுக்குப் போய் மொழி படிக்கிறது. என் அக்கா மகன் தென் அமெரிக்காவில், ஈக்குவடார் நாட்டின் மொந்தஞீத்தாவுக்குப் போய் ஸ்பானிஷ் படித்தான். பசிபிக் கரையில் அலைச்சறுக்குக்குப் பெயர்போன சிற்றூர். குவயாக்கில் நகரிலிருந்து பேருந்தில் போகவேண்டும். அங்கேயும் ஸ்பானிஷ் பள்ளிகள் இருக்கின்றன. காலையில் வகுப்பு, மீதி நேரம் கடல், தங்குவது உள்ளூர்க் குடும்பத்தோடு. போய் இறங்கிய அன்று போன் செய்தவன், "சித்தி, நான் செயலியில படிச்ச ஸ்பானிஷ் இங்க யாருக்கும் தெரியல" என்றான். சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்' ஒலியை அந்தக் கரையோரத்தார் விழுங்கிவிடுவார்கள். மலைமேல் இருக்கும் தலைநகர் கீட்டோவில் அது தெளிவாகக் கேட்கும். திருத்தணித் தெலுங்கும் அப்படித்தான், ஹைதராபாத் தொலைக்காட்சியில் வருவது அல்ல. தமிழ் கலந்த சித்தூர்ப் பேச்சு. இதைப் படித்தவர்கள் மற்றதைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம்.

இந்த ஊருக்கு மொழி வெறும் பேச்சாக மட்டும் இருந்ததில்லை. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதில் சேர்ந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதோடு போயிற்று. ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டமும், எல்லை பற்றிய படாஸ்கர் பரிந்துரையும், 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டமும் நடந்த பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. அதற்கு முன்பே இந்தப் பக்கத்துக் கிராமங்களில் தமிழ் வகுப்புகள் நடத்திய மங்கலங்கிழாரையும் மறக்கக் கூடாது. தாய்மொழியில் படிக்கும் உரிமைக்காகப் போராடியவர்களின் மண் இது. அதனாலேயே, 1888இல் தெலுங்கு பேசும் குடும்பத்தில் இங்கே பிறந்த ராதாகிருஷ்ணனை நினைத்துப் பெருமைப்படும் ஊர், தன் தெலுங்குப் பிள்ளைகளையும் கவனிக்கவேண்டும் என்கிறேன். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும்; ஆனால் அவர்களுக்குத் தெலுங்கு எழுத்தை வாசிக்கத் தெரியாது. பாட்டி எழுதிவைத்த கணக்கு நோட்டு அவர்களுக்கு வெறும் கோடு.

ஊரில் ஏதேனும் ஒரு பள்ளிக் கட்டடத்தில் மாலை நேரத்தில் தெலுங்கு எழுத்து வகுப்பு தொடங்கினால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் உதவும். கற்றுக்கொடுக்க ஓய்வுபெற்ற தெலுங்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: விடுமுறையில் தெலுங்கு படிக்க நினைத்தால் திருத்தணியில் அறை எடுத்துத் தங்குங்கள். காலையில் அரிச்சுவடி, மாலையில் கடைத்தெரு, வாரக் கடைசியில் எல்லை தாண்டி நகரி. சென்னை சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயிலே இங்கு வருகிறது.