கரிபியன் தீவுகளில் பயணப் பாதுகாப்பு

கரிபியன் தீவுகளில் பயணப் பாதுகாப்பு என்பது, விடுமுறைக்காக அங்குச் செல்வோர் தம் உயிருக்கும் உடைமைக்கும் தீங்கு நேராமல் காத்துக்கொள்ளும் வழிமுறைகளைக் குறிக்கும். கரிபியன் பகுதியில் சிறியனவும் பெரியனவுமாக 700-க்கும் மேற்பட்ட தீவுகளும் திட்டுகளும் உள்ளன. இவற்றுள் 13 தனி நாடுகள் அடங்கும். மற்றவற்றுள் பல பிரான்சு, நெதர்லாந்து, பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளைச் சார்ந்தவை. ஆகவே ஒரு தீவில் பொருந்தும் நடைமுறை அடுத்த தீவில் பொருந்தும் எனக் கருதக் கூடாது. செல்லும் தீவைப் பற்றித் தனியாக அறிந்துகொள்வதே பாதுகாப்பின் முதல் படி.

புயல் பருவம்

அட்லாண்டிக் புயல் பருவம் சூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிக்கும். ஆகத்து நடுப்பகுதி முதல் அக்டோபர் வரை புயல்கள் மிகுதி. எனினும் பருவத்தின் தொடக்கம் பாதுகாப்பானது என நம்ப முடியாது. 2024 சூலை 1 அன்றே பெரில் புயல் கிரனடாவைச் சேர்ந்த கரியாக்கூ தீவைத் தாக்கிப் பேரழிவை உண்டாக்கியது. தெற்கே உள்ள அரூபா, பொனேர், குராசோ தீவுகளைப் புயல் தாக்குவது அரிது.

அமெரிக்கத் தேசியப் புயல் மையம் இரண்டு நிலைகளில் அறிவிப்பு வழங்குகிறது. புயல் வரக்கூடும் என்றால் 48 மணி நேரம் முன்பாகக் 'கண்காணிப்பு' அறிவிப்பும், வருவது ஏறத்தாழ உறுதி என்றால் 36 மணி நேரம் முன்பாக 'எச்சரிக்கை' அறிவிப்பும் வரும். முதல் அறிவிப்பிலேயே ஊர் திரும்ப முயல வேண்டும். தாமதித்தால் விமானங்களில் இடம் கிடைக்காது. பின்னர் விமான நிலையமே மூடப்படும்.

எரிமலைகள்

கிழக்குத் தீவுகள் சிலவற்றில் உயிருள்ள எரிமலைகள் உள்ளன. செயிண்ட் வின்சென்டில் 2021 ஏப்ரல் 9 அன்று லா சூஃப்ரியேர் வெடித்தது. முந்தைய நாளே மக்களை வெளியேற்ற ஆணையிட்டதால் பெரும் உயிரிழப்பு தவிர்க்கப்பட்டது. மொன்செராட்டிலோ 1997 சூன் 25 அன்று, தடை செய்யப்பட்ட பகுதிக்குள் இருந்தவர்கள் எரிமலையின் சீற்றத்துக்குப் பலியாயினர்; 19 பேர் இறந்தனர். அத்தீவின் தெற்குப் பகுதிக்குள் இன்றும் அனுமதியின்றி நுழையக் கூடாது.

கடலில் குளித்தல்

ஒரே தீவின் இரு கரைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பார்படோசின் மேற்குக் கரையில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அட்லாண்டிக்கை நோக்கிய கிழக்குக் கரையிலுள்ள பாத்செபாவில் அலையும் நீரோட்டமும் வலியவை. அங்கு நீந்துவது ஆபத்து. சிவப்புக் கொடி பறக்கும் இடத்தில் இறங்கக் கூடாது. நீரோட்டம் கடலுக்குள் இழுத்தால், கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைப்படையாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விடுபட வேண்டும். அதன் பிறகே கரை நோக்கித் திரும்ப வேண்டும்.

மஞ்சினீல் மரம்

கடற்கரையில் நிழல் தரும் மஞ்சினீல் மரம் கடும் நச்சுடையது. இதன் பழம் சிறிய பச்சை ஆப்பிள் போலத் தோன்றும். அதைத் தின்றால் வாயும் தொண்டையும் வெந்துவிடும். இதன் பால் பட்ட தோல் கொப்பளிக்கும். மழைக்கு இம்மரத்தடியில் ஒதுங்கினால், இலையிலிருந்து சொட்டும் நீரே தோலைப் புண்ணாக்கும். பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டில் உள்ள தில்லை மரமும் இதே ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பாலும் கண்ணுக்குக் கேடு தரும். சில தீவுகளில் மஞ்சினீல் மரத்தில் சிவப்பு வண்ணம் பூசியிருப்பார்கள். அடையாளம் இல்லாத மரங்களும் உண்டு என்பதால், அறியாத பழம் எதையும் உண்ணக் கூடாது.

நோய்த் தடுப்பு

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். எனவே பகலிலும் முழுக்கை உடையும் கொசு விரட்டியும் தேவை. டிரினிடாட் சென்று இந்தியா திரும்புவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். இல்லையெனில் 6 நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம். ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இவ்வூசி போடப்படுகிறது.

சாலையும் சட்டமும்

பார்படோஸ், ஜமைக்கா, டிரினிடாட் ஆகியவற்றில் வாகனங்கள் நம் நாட்டைப் போல இடப்புறம் செல்லும். கியூபா, மார்ட்டினிக், குவாதலூப் ஆகியவற்றில் வலப்புறம் செல்லும். சாலையைக் கடக்கும்போது இருபுறமும் பார்ப்பது நல்லது. பார்படோஸ், ஜமைக்கா, டிரினிடாட் உள்ளிட்ட பல தீவுகளில் படைவீரர் அணியும் புள்ளியிட்ட உடையைப் பொதுமக்கள் அணிவது குற்றம். தங்க நகைகளை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லலாம். இரவில் தனியே நடக்காமல், விடுதியார் ஏற்பாடு செய்யும் வாடகை வண்டியில் செல்ல வேண்டும்.

அவசர எண்களும் தீவுக்குத் தீவு மாறும். பார்படோசில் காவல்துறைக்கு 211, ஆம்புலன்சுக்கு 511. ஜமைக்காவில் முறையே 119, 110. பிரெஞ்சுத் தீவுகளில் 112.

புறப்படும் முன்

சிறிய தீவுகளில் பெரிய மருத்துவமனை இருக்காது. ஆகவே விமானம் வழியாக வேறிடம் கொண்டுசெல்லும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு எடுக்க வேண்டும். போர்ட் ஆஃப் ஸ்பெயின், கிங்ஸ்டன், அவானா ஆகிய நகரங்களில் இந்தியத் தூதரகங்கள் உள்ளன. செல்லும் தீவுக்குப் பொறுப்பான தூதரகத்தின் எண்ணையும், கடவுச்சீட்டின் நகலையும் தனியே வைத்திருப்பது நல்லது. கரைக்குப் போனதும் அவ்வூர் மீனவரிடமோ விடுதிப் பணியாளரிடமோ, "இங்கே குளிக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்க வேண்டும்.