செவ்வாய்ப்பேட்டைக் கடைக்கு எத்தனை இஞ்ச் மானிட்டர்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டியானாலும் வெள்ளிக் கொலுசுக் கடையானாலும், பேரேடு விரித்த மேஜையில் இன்று கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் பில் போடுவதும் கணக்குத் தாக்கல் செய்வதும் திரையோடு பிணைந்துவிட்டன. காலையில் கடை திறந்தது முதல் இரவு வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பவர் கணக்குப் பார்ப்பவர். ஆனால் மானிட்டர் வாங்கும்போது யாரும் அவரைக் கேட்பதில்லை. "எது விலை குறைவு?" என்ற கேள்வியோடு முடிந்துவிடுகிறது.

இஞ்ச் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. அது திரையின் அகலமும் அல்ல, உயரமும் அல்ல. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே அளந்த நீளம். பழைய கடைகளில் இருந்த சதுர வாக்கு 17 இஞ்ச் மானிட்டரின் உயரம் 27 செ.மீ. அது பழுதானதும் "18.5 இஞ்ச், இன்னும் பெரிசு" என்று வாங்கும் அகலத் திரையின் உயரம் 23 செ.மீ.தான்! புள்ளிக் கணக்கிலும் அப்படியே. பழையதில் மேலிருந்து கீழே 1024 வரிசைப் புள்ளிகள். புதியதில் பெரும்பாலும் 768. நாற்பது பதிவு ஒரே பார்வையில் தெரிந்த இடத்தில் முப்பதுதான் தெரியும். மீதிக்கு மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பேரேடு என்பது வரிவரியாகக் கீழே இறங்குவது. அதற்குத் தேவை உயரம்.

பழைய 17 இஞ்சின் உயரத்தைத் திரும்பப் பெறவே 21.5 இஞ்ச் அகலத் திரை வேண்டும். அதற்குக் கீழே கணக்கு வேலைக்கு வாங்காதீர்கள். நான் சொல்வது 24 இஞ்ச், பெட்டியில் 60.45 செ.மீ. என்று போட்டிருக்கும், அதாவது 23.8 இஞ்ச். 21.5, 24 இரண்டிலும் பொதுவாக 1920க்கு 1080 புள்ளிகள்தான். ஆகவே கூடுதல் வரி எதுவும் தெரியாது. எழுத்துதான் பத்தில் ஒரு பங்கு பெரிதாகும். நாற்பது வயதைத் தாண்டிய கண்ணுக்கு அந்தப் பத்தில் ஒரு பங்கு பெரிய உதவி.

அப்படியானால் 27 இஞ்ச்? அதே 1920க்கு 1080 என்றால் வேண்டாம். ஒரு புள்ளியின் அளவு 0.31 மி.மீ. ஆகிவிடும். 60 செ.மீ. தூரத்தில் நல்ல பார்வை 0.17 மி.மீ. வரை பிரித்தறியும் என்பதால் எழுத்தின் ஓரம் பிசிறாகத் தெரியும். 27 இஞ்ச் எடுத்தால் 2560க்கு 1440 உள்ளதாக எடுங்கள். கொலுசுக் கடைக்கு அது உண்மையிலேயே பயன்படும். வெளியூர் வியாபாரி வாட்ஸ்அப்பில் அனுப்பும் மாடல் படத்தில் கண்ணி எப்படிக் கோத்திருக்கிறது, எத்தனை சலங்கை, திருகு எந்தப் பக்கம் என்று பட்டறைக்காரரிடம் காட்டிப் பேசலாம். கணக்கு எழுத்து சிறிதாகத் தெரிந்தால் விண்டோஸில் 125 சதவீதம் வைத்துக்கொள்ளலாம்.

32 இஞ்ச் டிவியை மானிட்டராக மாட்டும் பழக்கமும் இருக்கிறது. விலை குறைந்த டிவி பலவற்றில் 1366க்கு 768 புள்ளிகள்தான். சிசிடிவி பார்க்க, எட்டி நின்று பார்ப்பதால், அது போதும். பக்கத்தில் உட்கார்ந்து எண்களைப் படிக்க அது ஆகாது.

வாங்குவதற்கு முன் மேஜையை அளந்துவிடுங்கள். கண்ணுக்கும் திரைக்கும் ஒரு கை நீட்டும் தூரம், 50 முதல் 70 செ.மீ. வேண்டும். ஒன்றரை அடி மேஜையில் ஸ்டாண்டே பாதி இடத்தைப் பிடித்துவிடும். அங்கே சுவரில் மாட்டுவதுதான் சரி. பின்புறம் நான்கு திருகு ஓட்டைகள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்கட்டும். இரட்டைக் கண்ணாடி போடுபவருக்கு இன்னும் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழ்க்கண்ணாடி வழியாகப் படிக்கத் தாடையைத் தூக்கித் தூக்கிக் கழுத்து வலி வந்துவிடும். கடை வாசல் தெருவைப் பார்த்துத் திறந்திருப்பதால் வெளிச்சம் கூசும்; திரை வாசலைப் பார்த்தும் வேண்டாம், வாசலுக்கு முதுகு காட்டியும் வேண்டாம். பக்கவாட்டில் வையுங்கள். பளபளக்காத மேட் திரையாகவும் இருக்கட்டும்.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. 2019 ஜனவரி 1 முதல் 32 இஞ்ச் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 28 என்று இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா அளவுக்கும் 18தான். தொழிலுக்கு வாங்கினால், வழக்கமான முறையில் பதிவு செய்த கடைகள் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். கடை ஜிஎஸ்டி எண்ணைப் பில்லில் போடச் சொல்லுங்கள்.

கடைக்குப் போகும்போது முதலாளி மட்டும் போகாமல் கணக்குப் பார்ப்பவரையும் அழைத்துப் போங்கள். ஓடுகிற விளம்பரப் படத்தை நிறுத்திவிட்டு, எக்செல் ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கடைசி வரியில் உள்ள தொகையை அவர் படிக்கட்டும். முன்னால் குனிந்தால் அந்த மானிட்டர் அவருக்கு ஆகாது, அடுத்ததைக் கேளுங்கள்.