கையில் கரி படாத இன்ஜினியர்

சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளிக் கடற்கரை மணலில் நின்று தென்மேற்கே பார்த்தால் முதலில் கண்ணில் படுவது புகைபோக்கிகள். 1994-ல் 210 மெகாவாட் அலகோடு தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையத்தில் 2024 மார்ச்சில் 800 மெகாவாட் அலகு ஒன்றைத் திறந்தார்கள். பக்கத்திலேயே 1500 மெகாவாட் வல்லூர் நிலையம். இவற்றைக் கட்டக் கடன் கிடைக்கும், கம்பெனி கிடைக்கும். கட்டியதைப் பழுதில்லாமல் ஓட்டும் ஆள் எங்கிருந்து கிடைக்கிறார்? படிப்பு முடித்து வரும் பையன்களிடம் கேட்டால், “டிகிரி இருக்கு, மேனுவல் இருக்கு, அப்புறம் என்ன சார்?” என்கிறார்கள்.

கண்டென்சரை எடுத்துக்கொள்ளுங்கள். டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியைக் குளிரவைத்து மறுபடி தண்ணீராக்கும் பெரிய பெட்டி அது. உள்ளே ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள். நம் கடலோர நிலையங்களில் குழாய்க்குள் ஓடுவது கடல்நீர், குழாய்க்கு வெளியே நீராவி. நீராவி இருக்கும் பக்கம் வெற்றிடம். ஆகவே குழாயில் மயிரிழை ஓட்டை விழுந்தாலே போதும், உப்புநீர் நீராவிப் பக்கம் உறிஞ்சப்படும். இங்கிருந்து பாய்லருக்குப் போகும் தண்ணீரோ குடிநீரைவிடப் பல மடங்கு சுத்தமாக இருக்க வேண்டியது. அதில் உப்பு ஏறினால் பாய்லர் குழாய்கள் அரித்து வெடிக்கும், யூனிட் ட்ரிப் ஆகி நின்றுவிடும், செய்தித்தாளில் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று இரண்டு வரி வரும்.

ஓட்டையை முதலில் கண்டுபிடிப்பவர் கெமிஸ்ட். தண்ணீரில் உப்பு சேர்வதைக் காட்டும் கண்டக்டிவிட்டி மீட்டர் சற்று ஏறியதும் கண்ட்ரோல் ரூமுக்குப் போன் போடுவார். கண்டென்சரில் ஒரு பாதியை அடைத்து, கடல்நீரை வடித்து, லோடைக் குறைத்து, ஆள் உள்ளே இறங்க வேண்டும். வரிசை வரிசையாகக் குழாய் வாய்கள். எது ஓட்டை? மெழுகுவர்த்தியைக் கொளுத்தி ஒவ்வொரு வாயாகக் காட்டுவது பழைய முறை. சுடர் எங்கே உள்நோக்கிச் சாய்கிறதோ, அதுதான். சில இடங்களில் ஷேவிங் நுரையைப் பூசிப் பார்ப்பார்கள். ஓட்டைக் குழாய் நுரையை இழுத்துக்கொள்ளும். பிறகு இரண்டு முனையிலும் பிளக் அடித்து, அந்தக் குழாயைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். மேனுவலில் இது ஒரு பாரா இருக்கலாம். இறங்கி ஒருமுறை செய்தவருக்குத்தான் அடுத்த முறை மீட்டர் ஏறும்போது எத்தனை மணி நேரம் கையில் இருக்கிறது என்று தெரியும்.

இந்த அறிவை எப்படி வளர்ப்பது என்பதற்கு நம் ஊரிலேயே பழைய பாடம் உண்டு. நெய்வேலி முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு வந்தது. 1962-ல் முதல் அலகு ஓடியது. இயந்திரம் அவர்களுடையது, நிபுணர்களும் அவர்கள்தான். ஆனால் மூன்றே ஆண்டில், 1965-ல், அனல்மின் நிலையப் பணியாளர்களுக்கென்றே நெய்வேலியில் ஒரு பயிற்சி நிலையம் வந்துவிட்டது. இன்று அது தேசிய மின் பயிற்சிக் கழகத்தின் கிளை. 600 மெகாவாட் வரை வளர்ந்த அந்த அனல்மின் நிலையம் 2020 செப்டம்பர் வரை ஓடியது. கொண்டுவந்து நிறுவிய சோவியத் யூனியன் கலைந்து முப்பது வருடம் ஆகப்போகும் சமயத்திலும் இங்கே மின்சாரம் வந்துகொண்டிருந்தது!

கடலுக்கு அந்தப் பக்கம் பார்ப்போம். இலங்கையில் புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலை நிலையம் சீனக் கடனில், சீனக் கம்பெனி கட்டியது. 2011-ல் முதல் அலகு. 2014-ல் மொத்தம் 900 மெகாவாட். ஆரம்ப வருடங்களில் அடிக்கடி பழுதாகி நின்று பெயர் கெட்டது. 2020 ஆகஸ்ட் 17 அன்று தீவு முழுக்க இருண்டதே, அது நுரைச்சோலையின் கோளாறு இல்லை. கெரவலப்பிட்டியத் துணைமின் நிலையத்தில் பராமரிப்பு வேலையின்போது நேர்ந்த மனிதத் தவறு. கிரிட் விழுந்ததும் நுரைச்சோலையும் நின்றது. அதைத் திரும்ப ஓடவைக்க நாட்கணக்கில் ஆனது. அதுவரை ஊர் ஊராக முறைவைத்து மின்வெட்டு. ஒரு சுவிட்ச்யார்டில் ஒருவருக்குத் தர வேண்டிய பயிற்சியின் விலை எவ்வளவு என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

நம் நாட்டில் விதி இல்லாமல் இல்லை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி, மின் நிலையத்தை இயக்கவும் பராமரிக்கவும் அமர்த்தப்படும் இன்ஜினியர்களும் டெக்னீசியன்களும் உரிய கல்வித் தகுதியோடு தனியாகப் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். வகுப்பறை, சிமுலேட்டர் எல்லாம் நல்லதுதான். என் சந்தேகம் வேறு இடத்தில். இயந்திரங்களைப் பிரித்துப் பழுதுபார்க்கும் ஓவர்ஹால் வேலையை முழுசாக வெளியாருக்கு டெண்டர் விட்டுவிட்டால், நிலையத்து இளம் இன்ஜினியருக்கு மிஞ்சுவது பெர்மிட்டில் கையெழுத்துப் போடுவதும் பில்லைச் சரிபார்ப்பதும்தான். டர்பைன் மூடி திறக்கும் நாளில் அவர் ஆபீஸ் அறையில் இருப்பார். கற்றுக்கொண்ட காண்ட்ராக்ட் தொழிலாளி அடுத்த வேலைக்கு வேறு மாநிலம் போய்விடுவார். அனுபவம் நிலையத்தில் தங்காது.

இதன் சுமை சுற்றுவட்டார மக்கள் தலையிலும் விழுகிறது. வடசென்னை நிலையத்துச் சாம்பல், தண்ணீரோடு கலந்து குழாய் வழியாகச் செப்பாக்கம் குட்டைக்குப் போகிறது. சாம்பல் மணல்போல் உராய்ந்து குழாயின் அடிப்பக்கத்தைத் தின்னும். அதனால் குறித்த காலத்துக்கு ஒருமுறை குழாயைச் சற்றுத் திருப்பிவைத்து, தேயாத பக்கத்தைக் கீழே கொண்டுவர வேண்டும். தடிமன் அளக்க வேண்டும், தேய்ந்ததை மாற்ற வேண்டும். ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் இந்தக் குழாய்கள் கசிந்து எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்த கதை பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. அங்கே இறால் பிடிப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சாம்பல் எங்கே எவ்வளவு ஆழம் என்று காலை வைத்தே சொல்வார்கள். குழாயோரம் நடந்து கசிவு பார்க்க அந்த ஊர் ஐ.டி.ஐ. பிள்ளைகளைப் பழக்கி நிரந்தர வேலையில் வைத்தால் நிலையத்துக்கும் லாபம், ஊருக்கும் லாபம்.

அடுத்த முறை புதிய மின் நிலையம் என்று செய்தி வந்தால் எத்தனை மெகாவாட், எத்தனை கோடி என்பதோடு விட்டுவிடாதீர்கள். பத்தாவது வருடம் அதைத் திறந்து மூடப்போகிறவர் யார், அவரை இன்றைக்கு எங்கே பழக்குகிறார்கள் என்றும் கேளுங்கள்.