மிதிப்பவர்களின் சாலை

லட்ச ரூபாய் சைக்கிளில் இருநூறு கிலோமீட்டர் போய் வரும் நகரத்து ஆர்வலர்கள் நாடெங்கும் பெருகிவிட்டார்கள். அவர்கள் ஓட்டுவதற்கான சாலைதான் சுருங்கிக்கொண்டு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை பொழுது விடியும் முன்பே பெங்களூரிலிருந்து வடக்கே போகும் சாலையில் சின்னச் சின்ன சிவப்பு விளக்குகள் வரிசையாக மினுக்கிக்கொண்டு நகர்கின்றன. உடலை ஒட்டிய சட்டை, தலைக்கவசம், விரல் மறைக்காத கையுறை என்று ஒரு கூட்டம் தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டு போகிறது. கம்ப்யூட்டர் என்ஜினீயர், டாக்டர், வங்கி அதிகாரி, பள்ளி ஆசிரியை, ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி என்று எல்லாரும் அதில் உண்டு. போகுமிடம் 1,478 மீட்டர் உயரமுள்ள நந்தி மலை. அடிவாரத்திலிருந்து உச்சி வரை சுமார் எட்டு கிலோமீட்டர் ஏற்றம். மேலே போய் மூச்சு வாங்கி, டீ குடித்து, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுவார்கள். யாரும் பணம் கொடுப்பதில்லை, யாரும் பரிசும் கொடுப்பதில்லை.

பூணேயில் இதே கூட்டம் சிங்ககட் கோட்டைக்கு ஏறுகிறது. மும்பைவாசிகள் போக்குவரத்து விழிக்கும் முன் கடற்கரைச் சாலைகளில் சுற்றிவிட்டு வருகிறார்கள். டெல்லியில் இந்தியா கேட்டைச் சுற்றியும் குர்காவ்ன் பக்கமும் போகிறவர்கள், குளிர்காலத்துப் புகைமூட்டம் வந்தால் சைக்கிளைச் சுவரில் மாட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் வசதியற்றவர்களின் வாகனம் என்று கருதி ஸ்கூட்டருக்கும் காருக்கும் மாறியவர்களின் பிள்ளைகள், மீண்டும் சைக்கிளில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த ஆர்வம் 2020 கொரோனா ஊரடங்கின்போது ஓர் அலையாகவே எழுந்தது. உடற்பயிற்சிக்கூடங்கள் மூடிக்கிடந்தன. பஸ்ஸிலும் ரயிலிலும் ஏற மக்கள் அஞ்சினார்கள். அந்த ஆண்டு மே முதல் செப்டம்பர் வரையிலான ஐந்து மாதங்களில் ஏறக்குறைய 41 லட்சத்து 80 ஆயிரம் சைக்கிள்கள் விற்றதாக அகில இந்திய சைக்கிள் உற்பத்தியாளர்கள் சங்கம் தெரிவித்தது. பல ஊர்களில் பிடித்த மாடலுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. வாங்கியவர்களில் பலருடைய சைக்கிள்கள் இன்று பால்கனியில் துணி காயப் பயன்படுகின்றன என்பதும் உண்மை. ஆனால் விடாமல் ஓட்டியவர்கள்தான் இன்றைய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் முதுகெலும்பு.

இவர்கள் ஓட்டும் வண்டி, பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய வண்டியின் தூரத்து உறவு, அவ்வளவுதான். பழைய கறுப்பு சைக்கிள் இருபது கிலோவுக்குக் குறையாத எடை கொண்டது. 44 பல் கொண்ட முன்சக்கரப் பல்லை, 18 பல் கொண்ட பின்பல்லோடு செயின் இணைக்கும். பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றினால் வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நகரும். சமதரையில் இது சரி. மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். இன்றைய ரோடு பைக்கில் முன்னால் 50, 34 பற்கள் என இரண்டு வட்டங்கள். பின்னால் 11 முதல் 32 பற்கள் வரை எட்டு முதல் பன்னிரண்டு வட்டங்கள். மிகக் கடினமான கியரில் ஒரு சுற்றுக்கு ஒன்பதரை மீட்டர் பாயும். மிக இலகுவான கியரில் இரண்டேகால் மீட்டர்தான் நகரும். ஆனால் நந்தி மலையையும், நீலகிரியில் மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதையையும் உட்கார்ந்தபடியே ஏற வைப்பது அந்த இரண்டேகால் மீட்டர்தான்.

கியர் என்றதும் ஆர்வலர்கள் நடுவே ஒரு சாதிப் படிநிலையே உருவாகிவிடுகிறது. 1921-இல் ஜப்பானில் தொடங்கிய ஷிமானோ கம்பெனியின் கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105 ஆகிய பெயர்களை வைத்தே ஒருவர் எவ்வளவு செலவழித்திருக்கிறார் என்று மற்றவர் கணித்துவிடுகிறார். அலுமினியச் சட்டமும் சாதாரண கியரும் கொண்ட வண்டி சில பத்தாயிரங்களில் கிடைக்கும். கார்பன் நாரால் ஆன சட்டமும், பட்டனைத் தொட்டால் மாறும் மின்னணு கியரும் வேண்டுமென்றால் பல லட்சம். வெளிநாட்டு வண்டிகளின் விலையில் சுங்கவரிக்கும் கணிசமான பங்கு உண்டு; 2023 பட்ஜெட்டில் சைக்கிள் இறக்குமதி வரி 30 சதவீதத்திலிருந்து 35 சதவீதமாக உயர்ந்தது. லூதியானாவில் 1956-இல் தொடங்கிய ஹீரோ நிறுவனம் 2015-இல் ஃபயர்ஃபாக்ஸை வாங்கியதும், சென்னையில் 1949-இல் பிறந்த டி.ஐ. சைக்கிள்ஸ் மான்ட்ரா என்ற புதுப் பெயரில் வண்டி விட்டதும் இந்தப் பணத்தை உள்ளூரிலேயே பிடிக்கத்தான். பழைய சந்தையை மட்டுமே நம்பியிருந்த அட்லஸ், டெல்லிக்கு அருகே சாஹிபாபாத்தில் இருந்த தன் ஆலையை 2020-இல் உலக சைக்கிள் தினமான ஜூன் 3 அன்றே நிறுத்தியது.

நெடுந்தூரம் ஓட்டிப் பழகியவர்களிடம் கேட்டால், முதலில் பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் கார்பன் சட்டமல்ல என்பார்கள். உடலுக்குச் சரியான அளவு, உட்கார ஏற்ற சீட், நல்ல டயர், இரவில் சாலையைக் காட்டும் விளக்கு ஆகியவைதான் வரிசையில் முதலில் வரும். சீட்டின் உயரம் ஓரிரு சென்டிமீட்டர் மாறினால் நூறாவது கிலோமீட்டரில் முழங்கால் சொல்லிவிடும். ஒல்லி டயரில் காற்றைக் கல்லாக அடித்தால்தான் வேகம் என்ற பழைய நம்பிக்கையும் போய்விட்டது. 28, 32 மில்லிமீட்டர் அகல டயரில் கொஞ்சம் குறைவாகக் காற்றடித்தால், குண்டும் குழியுமான சாலையில் கைக்கும் முதுகுக்கும் இதம், வேகமும் குறைவதில்லை.

இந்தப் பொழுதுபோக்கின் கடுமையான, அதே சமயம் அழகான வடிவம் 'பிரவே' எனப்படும் நெடுந்தூரப் பயணம். பிரான்ஸிலிருந்து வந்த வழக்கம் இது. 1904-இல் தோன்றிய பாரிஸ் கழகம் ஒன்றுதான் இன்றும் உலகெங்கும் இதற்கான விதிகளை வகுக்கிறது. விதிகள் எளிமையானவை. 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தவருக்கு 'சூப்பர் ராண்டனர்' என்ற பட்டம். முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற பேச்சே கிடையாது. ஒன்பது மணி நேரத்தில் வந்தவரின் பெயரும் பதின்மூன்று மணி நேரத்தில் வந்தவரின் பெயரும் ஒரே பட்டியலில்தான் வரும்.

கணக்குப் பார்த்தால் மணிக்கு 15 கிலோமீட்டர்தான். பள்ளிக்கூடத்துப் பையன்கூட ஓட்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால் சாப்பிடுவது, பஞ்சர் ஒட்டுவது, ரயில்வே கேட்டில் நிற்பது, வழி தவறுவது, தூங்குவது எல்லாமே அந்த நேரத்துக்குள் அடக்கம். 600 கிலோமீட்டர் போகிறவர் இரண்டாம் நாள் விடியற்காலையில் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, இருபது நிமிடம் கண்ணை மூடலாமா வேண்டாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். வழியில் குறிப்பிட்ட இடங்களைக் கடந்ததற்குச் சான்று வேண்டும். நம் நாட்டில் நெடுஞ்சாலை ஏ.டி.எம். ரசீதும் பெட்ரோல் பங்க் பில்லும் தாபா முத்திரையும் அந்தச் சான்றாகியிருக்கின்றன.

இதில் முக்கியமான விதி, பின்னால் உதவிக்கு வண்டி வரக்கூடாது என்பது. கெட்டுப்போனதை ஓட்டுகிறவரே சரிசெய்ய வேண்டும். அதனால் சீட்டுக்கு அடியில் தொங்கும் சின்னப் பைக்குள் ஒரு பட்டறையே இருக்கும்: இரண்டு மாற்று ட்யூப், டயரைக் கழற்றும் நெம்புகோல், ஒட்டு, சொல்யூஷன், ஆலன் கீ, செயின் அறுந்தால் கோக்க ஓர் இணைப்புக் கண்ணி, கையளவு பம்பு. சாலையோரக் கடையை நம்ப முடியாததற்குக் காரணம் உண்டு. நம் ஊர் சைக்கிள் கடையின் பம்பு, ரப்பர் வால்வு ட்யூப் போட்ட பழைய வால்வுக்கானது. ரோடு பைக்கின் ஒல்லி வால்வில் அது பொருந்தாது. பல லட்சம் ரூபாய் சைக்கிளோடு ஒருவர் கடை வாசலில் திகைத்து நிற்க, ஓரிரு அங்குலப் பித்தளை இணைப்பு ஒன்று கைவசம் இருந்தவர் காற்றடித்துக்கொண்டு போய்விடுவார். பணத்தால் வாங்க முடியாத ஒன்றை, அதாவது தன் கையை நம்புவதை, இந்தப் பயணங்கள்தான் கற்றுக்கொடுக்கின்றன. ஒரு காலத்தில் சைக்கிள் வைத்திருந்த ஒவ்வொரு கிராமத்தவரும் அறிந்திருந்த வித்தைதான் அது.

இந்த உலகத்தின் பெரிய திருவிழா பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ். 1891-இல் பந்தயமாகத் தொடங்கியபோது சார்ல் தெரோன் என்பவர் 71 மணி 22 நிமிடங்களில் முடித்தார். இன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பந்தயமில்லாப் பயணம். சுமார் 1,200 கிலோமீட்டர், அதிகபட்ச அவகாசம் 90 மணி. 2019-இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். அவர்களில் இந்தியர் முந்நூறுக்கும் அதிகம். பதிவில் பெரிய நாடுகளுக்கு ஈடு கொடுத்த இந்தியர்களில் பெரும்பாலோரால் குறித்த நேரத்துக்குள் முடிக்க முடியவில்லை. அந்த ஆண்டு இரவுக் குளிர் கடுமை, எதிர்க்காற்றும் கடுமை. பாதை நெடுக ஓயாத மேடு பள்ளம். மொத்த ஏற்றத்தைக் கூட்டினால் கடல்மட்டத்திலிருந்து எவரெஸ்ட் உச்சிக்கு ஏறுவதை மிஞ்சும். சமவெளி நெடுஞ்சாலையில், வெப்பத்தில் பழகிய கால்களுக்கு அது புது அனுபவம். ஊர் திரும்பியவர்கள் அடுத்த பயிற்சிக்கு நெடுஞ்சாலையை விட்டு மலைப்பாதைகளைத் தேடிப் போனார்கள்.

தோல்வி மட்டுமே கதையல்ல. நாசிக்கைச் சேர்ந்த டாக்டர்கள் ஹிதேந்திர மகாஜனும் மகேந்திர மகாஜனும் 2015-இல் இருவர் அணியாக அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை, சுமார் 4,800 கிலோமீட்டர், ஓட்டி முடித்தார்கள். 2017-இல் அதே பந்தயத்தைத் தனியாளாக முடித்த முதல் இந்தியர் ராணுவ டாக்டரான ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத். அதே ஆண்டு நாக்பூர் டாக்டர் அமித் சமர்த்தும் முடித்தார். தனியாளுக்கான கெடு 12 நாள். நால்வரும் சைக்கிளை நம்பிப் பிழைப்பவர்கள் அல்ல. மருத்துவமனைப் பணிக்கு முன்னும் பின்னும் பயிற்சி செய்தவர்கள்.

ஆனால் ஓட்டுவதற்கு இடம் எங்கே? 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சைக்கிளில் போனவர்கள். இதில் வண்ணச் சட்டைக்காரர்கள் மிகச் சிலர். பெரும்பாலோர் ஷிஃப்ட் முடிந்து திரும்பிய தொழிலாளி, சந்தைக்குப் போன காய்கறி வியாபாரி, பள்ளிக்குப் போன சிறுமி போன்றவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலை செய்பவர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் சைக்கிளில்தான் வேலைக்குப் போனார்கள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு, நாட்டின் பாதி வீடுகளில் சைக்கிள் இருப்பதைக் காட்டியது.

இவ்வளவு பேர் பயன்படுத்தும் வாகனத்தைச் சாலையை விட்டு விலக்குவதில்தான் அதிகாரிகளின் கவனம் போகிறது. கொல்கத்தா போலீஸ் 2013-இல் 174 சாலைகளில் சைக்கிளைத் தடை செய்தது. பால்காரரும் பேப்பர் போடுபவரும் அபராதம் கட்டினார்கள். டெல்லியில் 2008-இல் சைக்கிளுக்கும் தனிப்பாதை ஒதுக்கித் திறந்த விரைவு பஸ் தடம், கார் ஓட்டிகளின் எதிர்ப்புக்கு இரையாகி 2016-இல் இடிபட்டது. பெங்களூர்-மைசூர் நெடுஞ்சாலையின் வேகத் தடத்தில் 2023 ஆகஸ்ட் 1 முதல் மோட்டார் சைக்கிளோடு சைக்கிளுக்கும் தடை. விபத்து பெருகியதுதான் காரணம். வேகமாகப் போகிறவரைக் கட்டுப்படுத்துவதைவிட மெதுவாகப் போகிறவரை வெளியேற்றுவது சுலபமாயிற்றே.

மறுபக்கமும் இருக்கிறது. ஹைதராபாதில் வெளிவட்டச் சாலையை ஒட்டி, சூரிய மின்பலகைகளே கூரையாக 23 கிலோமீட்டர் சைக்கிள் பாதை 2023 அக்டோபரில் திறந்தது. வெயிலுக்கு நிழல், இரவில் விளக்கு, லாரி பயம் இல்லை, ஆர்வலர்களுக்குச் சொர்க்கம். ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குப் பலர் சைக்கிளைக் காரின் மீது கட்டித்தான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவருக்கு அந்தப் பாதையால் பயன் குறைவு.

ஆர்வலர்கள் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். அவர்களுக்கு ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரியும். கமிஷனரைச் சந்திக்க நேரம் கிடைக்கும். பத்திரிகைகள் அவர்கள் பேச்சைக் கேட்கும். கறுப்பு சைக்கிள்காரருக்கு இவை எதுவும் இல்லை. ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் சாலையை மூடித் தாருங்கள் என்று கேட்பதோடு ஆர்வலர்கள் நின்றால், அவர்களுக்கு ஒரு விளையாட்டு மைதானம் கிடைக்கும். திங்கட்கிழமைக்கும் சாலையில் ஓரம் கேட்டால், ஷிஃப்டுக்குப் போகிறவருக்கும் வழி கிடைக்கும்.

அதற்கான முதல் படி பல ஊர்களில் சத்தமில்லாமல் நடக்கிறது. சில குழுக்கள் நெடுஞ்சாலைத் தொழிலாளர்களின் சைக்கிள்களில் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டித் தருகின்றன. ஒரு பட்டையின் விலை சில ரூபாய்தான். கார்பன் சட்டத்தில் நூறு கிராம் எடை குறைக்கச் செலவழிக்கும் பணத்தில் ஒரு தொழிற்பேட்டையின் சைக்கிள்கள் அனைத்துக்கும் ஒட்டிவிடலாம்.