இந்த டிஸ்க்கில் இருப்பது எது?

லினக்ஸ் சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டதென்று எச்சரிக்கை வந்ததும் பெரும்பாலோர் ஓட்டுவது 'டியூ' கட்டளையைத்தான். ஃபோல்டர் ஃபோல்டராக இறங்கி, அங்குள்ள கோப்புகள் பிடித்திருக்கும் இடத்தைக் கூட்டிச் சொல்லும் பழைய யூனிக்ஸ் கருவி அது. 500 ஜிபி டிஸ்க்கில் 3 டிபி இருப்பதாக அது காட்டினால், பெரும்பாலும் வேறொரு சர்வரின் கோப்புகளையும் சேர்த்து எண்ணியிருக்கிறது என்று பொருள். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் உருவாக்கிய என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் கோப்பு முறைமையின் நோக்கமே, நெட்வொர்க்கில் எங்கோ இருக்கும் கோப்பும் சொந்த டிஸ்க்கில் இருக்கும் கோப்பும் நிரல்களுக்கு ஒன்றுபோலத் தெரிய வேண்டும் என்பதுதான். ஆகவே பாதையின் பெயரை மட்டும் பார்த்து எது எங்கே இருக்கிறதென்று சொல்ல முடியாது. கர்னலைத்தான் கேட்க வேண்டும்.

கேட்டால், ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சாதன எண்ணைத் தருகிறது. இறங்கும் வழியில் அந்த எண் மாறினால் மவுண்ட் எல்லையை, அதாவது வேறொரு கோப்பு முறைமை இணைக்கப்பட்ட இடத்தை, தாண்டுகிறோம் என்று கொள்ளலாம். டியூவின் 'எக்ஸ்' தெரிவு அங்கேயே நின்றுவிடும். இது போதுமே என்று தோன்றலாம். ஆனால் எண் மாறுவது வேறு கோப்பு முறைமை என்பதற்கு மட்டுமே சான்று, தொலைவில் இருக்கிறது என்பதற்கு அல்ல. ஹோம் ஃபோல்டர் தனிப் பார்ட்டிஷனில் இருந்தாலும் எண் மாறும். பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையிலோ அதுகூட உறுதியில்லை, ஒரே டிஸ்க்கின் துணைத்தொகுதிகளுக்கே வெவ்வேறு எண்கள். அதனால் மவுண்ட் பட்டியலையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மவுண்டிலும் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறதென்று காட்டும் க்னூவின் 'டிஎஃப்' கட்டளை, 'சர்வர்:/டேட்டா' என்பதுபோல் மூலத்தின் பெயரில் முக்காற்புள்ளி இருந்தால் அதைத் தொலைவிலுள்ளதாகக் கொள்கிறது. நல்ல உத்திதான், ஆனால் எஸ்3எஃப்எஸ் கொண்டு இணைத்த மேகச் சேமிப்பகத்தின் மூலப்பெயரில் அந்தப் புள்ளியே இராது. அங்கே கோப்பு முறைமையின் வகையைப் படித்தால்தான் உண்மை தெரியும்.

எல்லாவற்றையும் எண்ணிவிட்டுப் பிறகு கழித்துக்கொள்ளலாமே என்பாரும் உண்டு. எண்ணுவதே செலவு. லட்சக்கணக்கான கோப்புகளின் விவரத்தை நெட்வொர்க் வழியே கேட்டு வாங்க வேண்டும். என்எஃப்எஸ் சர்வர் பதில் தராமல் போனால், வழக்கமான 'ஹார்டு' மவுண்டில் டியூ அப்படியே உறைந்து நிற்கும். பெரிதாகத் தெரிந்த ஃபோல்டரை அவசரத்தில் அழிப்பது இன்னும் மோசம். இங்கே ஒரு பைட்கூட விடுபடாது, போவது மற்றவர்களும் பயன்படுத்தும் தரவு.

நேர்மாறான சிக்கலும் உண்டு. டிஎஃப் டிஸ்க் நிறைந்ததாகச் சொல்லும், டியூவின் கூட்டுத்தொகையோ பாதிக்கும் கீழே நிற்கும். நீக்கிய பிறகும் ஏதோ ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்புகள் ஒரு காரணம். இன்னொன்று கண்ணில் படாதது. நெட்வொர்க் மவுண்ட் இணையாத ஓர் இரவில் பேக்கப் நிரல் ஓடினால், எல்லாம் உள்ளூர் டிஸ்க்கின் அந்த வெற்று ஃபோல்டரில் விழும். மறுநாள் மவுண்ட் இணைந்ததும் அவை அதன் அடியில் மறைந்துவிடும், இடம் மட்டும் பிடிபட்டே இருக்கும். ரூட்டை 'பைண்ட்' மவுண்டாக இன்னொரு ஃபோல்டரில் இணைத்துப் பார்த்தால், மேலே போர்த்திய மவுண்ட் இல்லாமல் அந்தக் கோப்புகள் வெளிப்படும்.