அந்த உடைமாற்றும் அறையில் யார் யார் இருந்தார்கள் தெரியுமா?

1951. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியான டான்கள் ஆட்டத்துக்குத் தயாராகும் அறை. கொஞ்சம் உள்ளே எட்டிப் பாருங்கள்! பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருக்கும் மாணவர்களில் மூன்று பேர் பின்னாளில் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம்பிடித்தவர்கள். ஒரே கல்லூரி, ஒரே வருடம், மூன்று பேர்! விளம்பர வேலைக்காக நிருபர்களைத் துரத்திக்கொண்டிருக்கும் 25 வயது இளைஞரையும் விட்டுவிடாதீர்கள். அதே மண்டபத்தில் அவருக்கும் ஓர் இடம் காத்திருந்தது. பெயர் பீட் ரோசெல்.

இதெல்லாம் நடந்தது பெரிய பணக்காரப் பல்கலைக்கழகத்தில் அல்ல. குன்றின்மேல் இருந்த ஒரு சின்னக் கல்லூரியில். நடத்தியவர்கள் இயேசு சபையினர். நம் சென்னை லயோலாவை நடத்துகிறார்களே, அதே சபை. சொந்த மைதானம் கிடையாது. ஊர்ப் பூங்காவையொட்டிய கீசர் அரங்கத்தில்தான் ஆட்டம். தொழில்முறை அணியான ஃபார்ட்டி நைனர்ஸும் அதே அரங்கத்தில்தான் ஆடியது. கூட்டம் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று சொல்லவா வேண்டும்!

பயிற்சியாளர் ஜோ குஹாரிச் கறாரான மனிதர். பருவம் தொடங்குமுன் பையன்களை கார்னிங் என்ற சிற்றூருக்கு அழைத்துப் போய் வெயிலில் வாட்டி எடுத்தார். ஆள்பலம் குறைவு என்பதால் பலர் தாக்குதலுக்கும் தடுப்புக்கும் சேர்த்தே ஆட வேண்டியிருந்தது. மூச்சு வாங்க நேரம் இருக்காது.

இப்போது ஆட்களைப் பாருங்கள். எனக்கு மிகப் பிடித்தவர் ஜீனோ மார்கெட்டி. இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பியப் பனியில் நின்று சண்டையிட்டவர். ஊர் திரும்பி, மதுக்கடையில் பரிமாறிக்கொண்டிருந்தவர். கல்லூரிக்கு வந்ததே மோட்டார் சைக்கிளில்தான். உடம்பில் ஜிப் ஜிப்பாக வைத்துத் தைத்த தோல் ஜாக்கெட்! கறாரான குஹாரிச்சின் முகம் எப்படிப் போயிருக்கும்! ஆனால் களத்தில் இறங்கிவிட்டால் எதிரணியின் சுவரைப் பிய்த்துக்கொண்டு போவார். பின்னாளில் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் தூண்களில் ஒருவர். அவர் பெயரிலேயே ஹாம்பர்கர் கடைகள்கூட வந்தன.

அடுத்தவர் பாப் செயின்ட் கிளேர். உயரம் 6 அடி 9 அங்குலம். இறைச்சியைப் பச்சையாகவே சாப்பிடுவார். மெய்தான்! சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம். பக்கத்து மேசைக்காரர்களின் நிலையை நினைத்தால் சிரிப்பு வருகிறது. கீசர் அரங்கத்தில் இந்த மனிதரின் காலடி படாத புல்லே இருந்திருக்காது. பள்ளிக்கூட நாளில் ஆடியது அங்கே, கல்லூரியில் ஆடியது அங்கே, ஃபார்ட்டி நைனர்ஸுக்கு ஆடியதும் அங்கே. இன்று அந்தக் களத்துக்கே அவர் பெயர்.

அப்புறம் ஆலி மேட்சன். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடும் வேலை அவருடையது. கபடியில் பாடிப் போனவன் ஏழு பேர் பிடியையும் உதறிவிட்டு நடுக்கோட்டைத் தொடுவானே, அப்படி ஓர் ஓட்டம். அந்த வருடம் ஒன்பதே ஆட்டங்களில் 1,566 கெஜம் ஓடினார், நாட்டிலேயே அதிகம். பந்தோடு எதிரணியின் எல்லைக்குள் புகும் டச்டவுன்கள் 21! நியூயார்க்கில் ஃபோர்ட்ஹாம் கல்லூரிக்கு எதிராக ஆடியபோது எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து, கிட்டத்தட்ட களத்தின் நீளம் முழுவதும் ஓடி, டச்டவுன் போட்டார். ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை! 32-26 என்று டான்கள் வென்றார்கள். சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதின் வாக்குகளில் அவருக்கு ஒன்பதாவது இடம்தான் கொடுத்தார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான்காவதாக பர்ல் டோலர். மெம்ஃபிஸிலிருந்து வந்தவர். சான் பிரான்சிஸ்கோவின் சிட்டி காலேஜில் உடற்பயிற்சி வகுப்பில் பார்த்துத்தான் கால்பந்துக்கு இழுத்துப் போட்டார்கள். அங்கேயே மேட்சனுடன் ஆடி, அவருடனேயே டான்களிடம் வந்து சேர்ந்தார். அணியில் கறுப்பர்கள் இந்த இருவர்தான்.

அந்தப் பருவத்தின் வெற்றிகளைப் பாருங்கள். பசிபிக் கல்லூரியை 47-14. கடைசியாக பாசடீனா ரோஸ் பௌல் அரங்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் லயோலாவை 20-2. ஒன்பது ஆட்டம், ஒன்பது வெற்றி!

பருவம் முடிந்ததும் புத்தாண்டையொட்டி பௌல் ஆட்டங்கள் நடக்கும். அமைப்பாளர்கள் பார்த்து அழைத்தால்தான் போக முடியும். போனால் பெரிய தொகை கிடைக்கும். கால்பந்துக்காகக் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த கல்லூரிக்கு அந்தத் தொகைதான் உயிர்நாடி. ஆனால் ஆரஞ்சு, சுகர், கேட்டர் மூன்றும் தென்மாநிலங்களில் நடந்தவை. நிறவெறி சட்டமாகவே இருந்த காலம். டான்கள் ஆடிய எதிரணிகள் வலுவானவை அல்ல என்று வெளியில் ஒரு காரணம் சொன்னார்கள். உள்ளே வந்த சேதி வேறு: மேட்சனையும் டோலரையும் விட்டுவிட்டு வருவதானால் வரலாம்.

அணி யோசிக்கக்கூட இல்லை. முடியாது என்று சொல்லிவிட்டது. இதைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு எழுந்து நின்று கைதட்டத் தோன்றும். இருபதை ஒட்டிய வயதுப் பையன்கள். வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும் மேடை. தங்கள் கல்லூரியின் கால்பந்தே அந்தப் பணத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனையும் ஒரு தட்டில் இருந்தும் அவர்கள் அசையவில்லை. டான்கள் இல்லாமலே ஆரஞ்சு பௌலில் ஜார்ஜியா டெக்கும் பேய்லரும் ஆடின. அந்தப் பருவத்தோடு கல்லூரி கால்பந்து அணியைக் கலைத்துவிட்டது. ஒன்பதுக்கு ஒன்பது வென்ற அணி!

கலைந்தவர்கள் சும்மா போகவில்லை. அதுதான் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒன்பது பேரைத் தொழில்முறை அணிகள் தேர்ந்தெடுத்தன. மேட்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போய் 400 மீட்டரில் வெண்கலமும் தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வாங்கி வந்தார். அப்புறம் சிகாகோ கார்டினல்ஸ். அங்கே பயிற்சியாளர் யார்? நம் குஹாரிச்! 1959-இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் ஒன்பது பேரைக் கொடுத்து மேட்சன் ஒருவரை வாங்கியது. அந்தப் பேரத்தை முடித்தவர் யார்? ராம்ஸின் மேலாளராகியிருந்த பீட் ரோசெல்! மறு வருடமே ரோசெல் தொழில்முறை லீகுக்கே ஆணையரானார். 1989 வரை அந்த நாற்காலி அவருடையதுதான். மார்கெட்டியும் மேட்சனும் 1972-இல் ஒன்றாகவே புகழ் மண்டபத்துக்குள் நுழைந்தார்கள்.

டோலருக்குத்தான் விதி கொஞ்சம் கொடுமை செய்தது. 1952-இல் கல்லூரி நட்சத்திரங்களின் ஆட்டமொன்றில் முழங்கால் போயிற்று. தொழில்முறைக் களத்தில் ஆட்டக்காரராகக் கால்வைக்கவே முடியவில்லை. பள்ளி ஆசிரியராகி, தலைமை ஆசிரியராகவும் உயர்ந்தார். 1965-இல் கோடுபோட்ட சட்டை மாட்டி லீகின் முதல் கறுப்பின நடுவராகக் களத்தில் இறங்கினார். டான்களின் கல்லூரியில் ஒரு விடுதிக்கு இன்று அவர் பெயர். முன்பு அதற்கிருந்த பெயர் ஃபீலன். கலிபோர்னியா வெள்ளையருக்கே என்று பிரசாரம் செய்த அரசியல்வாதி. 2017-இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டு டோலரின் பெயரை வைத்தார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. 1980 ஜனவரியில் நடந்த சூப்பர் பௌல், தொழில்முறை லீகின் இறுதி ஆட்டம். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸும் ராம்ஸும் மோதின. ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம். லீகின் ஆணையர் ரோசெல். சூப்பர் பௌலில் கறுப்பர் ஒருவர் நடுவராக நின்றது அதுவே முதல் தடவை. ஹெட் லைன்ஸ்மேன் என்ற நடுவர் பொறுப்பில் நின்றவர் பர்ல் டோலர். அரங்கம் எது என்கிறீர்கள்? லயோலாவை 20-2 என்று வென்று அந்த 1951 டான்கள் கடைசியாக ஆடிய அதே ரோஸ் பௌல்!