நீந்தினது ஆளா, உடையா?

கார்பன் பிளேட் ஷூ பத்திப் பேசின எபிசோடுக்கு அப்புறம், "அப்போ அந்த ரெக்கார்டுக்கெல்லாம் மதிப்பே இல்லையா?"ன்னு கேட்டிருந்தீங்க. எனக்கு உடனே ஞாபகம் வந்தது ஒரு நீச்சல் வீரர்.

2009 ஜூலை, ரோம் உலக சாம்பியன்ஷிப். 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலை ஜெர்மனியோட பால் பீடர்மான் 3:40.07ல முடிச்சார். இயன் தோர்ப் 2002ல வச்ச ரெக்கார்டு 3:40.08. அடுத்து 200 மீட்டர்ல மைக்கேல் ஃபெல்ப்ஸையே ஜெயிச்சார், 1:42.00. அதுக்கு முந்தின வருஷம் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல இதே பந்தயத்துல அவருக்கு அஞ்சாவது இடம், 1:46.00. ஒரே வருஷத்துல நாலு செகண்ட்!

அவர் போட்டிருந்தது பாலியூரித்தேன் உடை. துணி மாதிரி தண்ணியை உறிஞ்சாது. உடம்பை இறுக்கிப் பிடிக்கும், கொஞ்சம் மிதக்கவும் வைக்கும். நீந்துறவங்க களைச்சுப் போனா இடுப்பும் காலும் கீழே இறங்கும், தண்ணி இழுக்கும். அந்த நேரத்துலதான் இந்த உடை கைகொடுக்கும். ரோம்ல மட்டும் 43 உலக சாதனைகள் உடைஞ்சது. 2010 ஜனவரியில இருந்து அந்த உடைகளுக்குத் தடை. ஆனா ரெக்கார்டுகளை யாரும் அழிக்கலை.

பீடர்மான் ஏமாத்தலை. அன்னைக்கு விதி அனுமதிச்ச உடைதான். உடை உதவிச்சுன்னு அவரே ஒளிக்காம சொன்னார். அது இல்லாம ஃபெல்ப்ஸை ஜெயிக்கணும்னும் சொன்னார். (தோர்ப் 2002ல நீந்தினதும் முழு உடம்பு உடையிலதான். அது துணி. அதை யாரும் பேசுறதில்லை.)

2011ல ஷாங்காய். எல்லாருக்கும் துணி உடை. 200 மீட்டர்ல ரயன் லாக்டி முதல், ஃபெல்ப்ஸ் ரெண்டாவது, 1:44.79. பீடர்மான் மூணாவது, 1:44.88. செகண்டுல பத்துல ஒரு பங்குகூட இல்லை!

இதைப் பார்த்தப்போதான் எனக்கு வருத்தமா இருந்தது. உடை இல்லாமலும் ஃபெல்ப்ஸுக்குப் பக்கத்துல நிக்கிற ஆள்தான் அவர். ஆனா ரோம்ல அவரோட கை எவ்வளவு, உடை எவ்வளவுன்னு இனி யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது, அவராலயும்தான். டெக்னாலஜி அவருக்கு ரெக்கார்டைக் கொடுத்துட்டு, அது தன்னோடதுன்னு சொல்லிக்கிற நிம்மதியை எடுத்துக்கிச்சுன்னு எனக்குத் தோணுது.

அந்த 3:40.07 கிட்டத்தட்ட 16 வருஷம் நின்னுச்சு. 2025 ஏப்ரல்ல, ஸ்டாக்ஹோம்ல, இன்னொரு ஜெர்மன்காரர் லூகாஸ் மேர்டென்ஸ் துணி உடையிலயே 3:39.96ல முடிச்சு அதை உடைச்சார்.